கேக் வரிசையில் இரண்டு ஹெட்லைட்

முதலில் அந்த டூத்பேஸ்டைக் கீழே வையுங்கள். பல்லுக்குச் செய்ததைப் பல்லுக்குப் போடுங்கள். செல்போனில் யாரோ ஒருவர் ஹெட்லைட்டில் பேஸ்டைத் தடவித் துணியால் துடைத்துவிட்டு, "பாருங்க, புதுசு மாதிரி!" என்று பல்லைக் காட்டுவார். ஒரு மாதம் கழித்து அதே லைட்டைக் காட்டச் சொல்லுங்கள், ஆள் அகப்படமாட்டார். எண்ணூர்க் காற்றில் உப்பு இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, மணலிப் பக்கமிருந்து வருவது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் காற்றில் நிற்கிற வண்டியின் லைட் மஞ்சளாகாமல் என்ன செய்யும்? ஆனால் நம் பிழைப்பே அந்தக் காற்றால்தான் என்பதால் நான் அதை ரொம்பத் திட்டுவதில்லை.

திருவொற்றியூரில் கார் பெயின்ட் கடையில் ஆரம்பித்து, கடைசிக் காலத்தில் ஹெட்லைட் பாலிஷ் மட்டும் என்று நின்று, போன வருடம் கடையை மூடிவிட்டேன். வேலையை விட்டவனுக்கு வேறென்ன வேலை? அறிவுரை சொல்வதுதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தேய்க்க எந்த வாட்டர் பேப்பர், எந்த மெஷின், எந்தக் கோட்டிங் என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். டப்பாவில் எழுதாத சில விஷயங்கள் உண்டு. அவற்றை நான் கற்றுக்கொண்டது ஒரு பேக்கரியில்.

கடையை மூடுவதற்கு முந்திய கிறிஸ்துமஸ் சமயம். ராயபுரத்து ரெஜினாம்மா என் கடை வாசலில் காரை நிறுத்தினார். நிறுத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிரேக் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே விட்டார். ரெஜினாம்மா துறைமுகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் கேப்டன்களையே லைனில் காத்திருக்க வைத்தவள் நான் என்று சொல்லிக்கொள்வார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் வாங்கிய கார்தான் அது. தொண்ணூறுகளில் வந்த மாடல். அதைச் செய்த கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விட்டது. நீங்கள் அதை கிளாசிக் என்பீர்கள். அவருடைய மகன் ஆல்பர்ட் அதைக் காயலாங்கடை என்பார். ரெஜினாம்மா எப்போதும் "என் வண்டி" என்றுதான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை அந்த வண்டி பக்கத்து வீட்டு சரஸ்வதியை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் கோயிலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை அதே சரஸ்வதி முன்சீட்டில் உட்கார, பின்சீட்டில் தோழிகள் நெருக்கியடிக்க, சர்ச்சுக்குப் போகும். சரஸ்வதிக்கு இரண்டு சாமியும் ஒன்றுதான், இரண்டு இடத்திலும் அவருக்கு வேண்டுதல் இருந்தது. நடுவில் தெருவில் யாருக்காவது மூச்சு இழுத்தாலும் வலி எடுத்தாலும் அந்த வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

"கோயிந்தண்ணே, இந்த லைட்ட பாரு. எரியறப்போ இதுல வெளிச்சம் வர்தா, பேருக்கு வர்தா?" என்றார்.

பார்த்தேன். பழைய விளக்கெண்ணெய் பாட்டிலைப் போல இருந்தது.

"ஆர்.டி.ஓ. ஆபீஸுல எஃப்.சி. காட்ட போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டு மங்கலா கீது, சரி பண்ணினு வாங்கன்ட்டாரு. கிறிஸ்மஸுக்கு முன்னாடி இன்னொரு தபா காட்டணும். அந்த தபாவும் பாஸாவலன்னா காயலாங்கடைல போட்ரலாம்னு என் புள்ள கைல ஒத்துக்கினேன்."

"ஏம்மா ஒத்துக்கினே?"

"கோவத்துல. லைட்டு தானே, அதுல இன்னா பூடும்னு நெனச்சேன். வண்டி போச்சுன்னா நான் ரோட்டுல நின்னு ஷேர் ஆட்டோக்கு கைய காட்டணுமாம். ஆஸ்பத்திரிக்கு போவணும்னா அவனுக்கு போன் பண்ணிட்டு வாசல்ல குந்திகினு இருக்கணுமாம். நான் யாருக்கும் காத்துனு இருந்தவ இல்லண்ணே."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மாளை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது.

எனக்கு முன்பே வேறு கடைகளில் அந்த லைட்டைத் தேய்த்திருந்தார்கள். தேய்த்தார்கள் என்றால் கோபம் தீரத் தேய்த்திருந்தார்கள். மேல் பிளாஸ்டிக்கை விரலால் அழுத்தினால் உள்ளே போனது, அப்பளம் மாதிரி மெலிந்துவிட்டது. அப்படியும் மஞ்சள் ஒரு இழைகூடக் குறையவில்லை. ஏன் என்று அவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். மஞ்சள் முழுக்க உள்ளே இருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம்மிடம் வருகிறவர் "மஞ்சளாகிவிட்டது" என்று சொல்வார். நாம் உடனே வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைப்போம். அழுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க ஒரு டார்ச் போதும், கொஞ்சம் பொறுமை போதும். இரண்டும் இல்லாதவன் தேய்க்கத் தேய்க்க லைட்தான் தேயும்.

பல்பு ஓட்டை வழியாகச் சோப்புத் தண்ணீர் விட்டு வாய் கொப்பளிக்கிற மாதிரி குலுக்கிப் பார்த்தேன். தண்ணீர் லேசாக மஞ்சளாக வந்தது, லைட் மட்டும் அப்படியே இருந்தது. வேறு லைட் கிடைக்குமா என்று புதுப்பேட்டை முழுக்க அலைந்தேன். பெயரைச் சொன்னதுமே கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஆக, இருப்பது இந்த ஜோடி ஒன்றுதான். இதை இரண்டாகப் பிரித்து உள்ளே துடைத்து மறுபடி ஒட்ட வேண்டும். ஓரம் முழுக்க ஒரு கறுப்புப் பசை போட்டு ஒட்டியிருக்கும். அது இளகினால்தான் பிரியும். சூடான காற்றை ஊதும் ஹாட் கன்னால் சுட்டால் ஓரிடம் வெந்து ஓரிடம் பச்சையாக நிற்கும், மெலிந்த பிளாஸ்டிக் வெடித்துவிடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மெதுவாகச் சூடேற வேண்டும். அதற்கு ஓர் அடுப்பு வேண்டும்.

இந்த யோசனையில் இருந்தபோதுதான் ஆல்பர்ட் கடைக்கு வந்தார். எம்.கே.பி. நகரில் குடியிருக்கிறார், கன்டெய்னர் யார்டில் வேலை. பைக்கிலிருந்து இறங்காமலே பேசினார்.

"அண்ணே, ரொம்ப மெனக்கெடாதீங்க. முடியலன்னு சொல்லிடுங்க. அம்மா உங்க பேச்ச கேப்பாங்க."

"முடியலன்னா முடியலன்னு சொல்வேன். முடியறத முடியலன்னு எப்பிடி சொல்றது?"

"சொன்னா உங்களுக்கு புண்ணியமா பூடும்ணே."

அவர் போன பிறகு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வண்டி நிற்கிற இடத்தில் ரூம் கட்டி வாடகைக்கு விடப் பார்க்கிறான், பெற்ற தாயை ரோட்டில் நிறுத்தப் பார்க்கிறான் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். இதை எப்படியாவது முடித்து இவன் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறேன் என்று சபதமும் போட்டேன். வீம்பில் செய்கிற வேலையில் கை சுறுசுறுப்பாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

அடுப்பு எங்கே இருக்கிறது என்பது அடுத்த நாள் ராயபுரத்தில் நடந்தபோது மூக்குக்குத் தெரிந்தது. அங்கே கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. கேக்குக்கான மாவை வீட்டிலேயே கலப்பார்கள். முந்திரி எவ்வளவு, திராட்சை எவ்வளவு, பட்டை போடலாமா கூடாதா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு ரகசியம். கலந்ததை டின்னில் ஊற்றி, பெயர்ச் சீட்டு ஒட்டி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்து வாங்கிப் போவார்கள். வீட்டில் கரன்ட் அடுப்பு வைத்திருப்பவர்களும் வருவார்கள். விறகடுப்பில் வெந்தால்தான் கேக் என்பது அவர்கள் கட்சி.

பேக்கரி அந்தோணி எனக்குப் பழக்கம். வருடம் முழுக்க அடுப்பின் முன்னால் நிற்பதாலோ என்னவோ அவருக்கும் அதே சூடு. அவருடைய அடுப்பில் காலையில் ரொட்டி வேகும், சூடு இறங்கியதும் கேக், இன்னும் இறங்கியதும் ரஸ்க் காயும். எனக்கு வேண்டியது அந்த ரஸ்க் சூடு. ஆனால் அந்த வாரத்தில் ரஸ்க்குக்கு இடமே கிடையாது. ஒரு சுற்று கேக் வெளியே வந்ததும் மறுபடி விறகைத் திணித்து அடுத்த சுற்றுக்கு ஏற்றிவிடுவார்.

லைட் இரண்டையும் நன்றாகக் கழுவி, ரப்பரெல்லாம் கழற்றி, சுத்தமான தட்டில் வைத்து வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு போனேன். வரிசை தெருவரை இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் என் தட்டைப் பார்த்தார்.

"இன்னா கேக்குங்க இது, இம்மாம் பெருசா கீது?"

"கொஞ்சம் பழைய கேக்கும்மா."

என் முறை வந்ததும் துணியை விலக்கிக் காட்டினேன். அந்தோணி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹெட்லைட்டு."

"ஆமா."

"கேக்கு வைக்கற அடுப்புல."

"கேக்கு உள்ள இல்லாத நேரமா பாத்து, ரஸ்க் சூட்டுல, கொஞ்ச நேரம்..."

"கெளம்பு."

கிளம்பியிருப்பேன். ஆனால் வரிசையின் நடுவிலிருந்து ரெஜினாம்மா தன் கேக் டின்னோடு வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு சுற்று முடிந்ததும் விறகு போடாமல் சூட்டை இறங்கவிட வேண்டும். அதுவரை இத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். அந்தோணி கையை விரித்தார். "நான் இன்னா பண்றது? லைன்ல கீறவங்க ஒத்துக்கினா எனக்கு ஒண்ணுமில்ல," என்றார். ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது.

ரெஜினாம்மா வரிசையைத் திரும்பிப் பார்த்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சு குரலில் ஆரம்பித்தார்.

"ஸ்டெல்லா, ரெண்டாவது பிரசவத்துக்கு உன்ன எந்த வண்டில கூட்டினு போனேன்? மழ கொட்டுது, ரோட்டுல ஒரு ஆட்டோ இல்ல. ஞாபகம் கீதா? விக்டோரியா, உன் வூட்டுக்காரு நெஞ்ச புடிச்சினு உழுந்தாரே, அன்னிக்கு?"

ஸ்டெல்லா டின்னைக் கீழே வைத்தார். விக்டோரியாவும் வைத்தார். ஒவ்வொருவராகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த வரிசையில் அந்த வண்டியில் ஏறாத குடும்பமே இல்லை போலிருக்கிறது. ஒருவர் மட்டும் அசையவில்லை.

"என் மாமியார ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போனியே ரெஜினா, அது சரி. திருப்பி இன்னாத்துக்கு கூட்டினு வந்தே?"

பேக்கரியே சிரித்தது. சிரித்து முடித்தபோது அந்த அம்மாளும் டின்னை வைத்துவிட்டார். அந்தோணி விறகை ஓரமாகத் தள்ளினார்.

இப்போது அசல் பரீட்சை ஆரம்பம். கடையில் உடைந்து கிடந்த வேறொரு லைட்டின் துண்டுகளைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். ஒரு துண்டை அடுப்பில் வைக்கச் சொன்னேன். வெளியே வந்தபோது அது வெயிலில் காய்ந்த வற்றல் மாதிரி சுருண்டிருந்தது. காத்திருந்தோம். இன்னொரு துண்டு. ஓரம் மட்டும் மடங்கியது.

"இப்ப வைக்கலாம் போ," என்றார் அந்தோணி. ஒரு காகிதத்தை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். "பாரு, பேப்பர் கூட கருகல."

"பேப்பரு வேற, இது வேற. இன்னும் எறங்கட்டும்."

வரிசையில் சலசலப்பு ஏறியது. "சோடா மாவு போட்டு கலக்கி எம்மா நேரம் ஆவுது! கேக்கு அமுங்கி பூடும்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க மாவு வீணா போனா இவரு குடுப்பாரா?" என்று இன்னொரு குரல். அவர்கள் பயம் நியாயமானது. கேக் மாவு ரொம்ப நேரம் காத்திருக்காது. அந்தோணி விறகின் மேல் கை வைத்துவிட்டார். அப்போது ரெஜினாம்மாவே என் தோளைத் தொட்டு, "வையுண்ணே. இன்னா ஆனாலும் நான் பாத்துக்கறேன்," என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நம்மவர்கள் எல்லோரும் கவிழ்வது. பொருளுக்குச் சொந்தக்காரரே "என்ன ஆனாலும் பரவாயில்லை" என்று சொல்லும் நிமிஷத்தைவிட ஆபத்தான நிமிஷம் நம் தொழிலில் கிடையாது. அதைச் சொல்வது அவர் இல்லை, அவருடைய வெட்கமும் அவசரமும். லைட் உருகி வெளியே வந்தபின் அவருக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இருக்காது, இருந்தாலும் நமக்கு அது உதவாது. அத்தனை பெண்களின் கோபத்துக்கு முன்னால் நிற்பது சாமானியமில்லை. "இன்னும் ஒரு துண்டு வெச்சி பாப்போம்," என்றேன். அந்தோணி என் பரம்பரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். துண்டை வைத்தார்.

அது போனபடியே திரும்பி வந்தது. நேராக, வளையாமல்.

நீளத் துடுப்பில் தட்டை ஏற்றி உள்ளே விட்டார்கள். அந்தோணி அடுப்பு வாயில் நின்றுகொண்டு உதட்டுக்குள் ஜெபம் சொன்னார். லைட்டுக்காகவா என்று கேட்டேன். "என் அடுப்புக்கு," என்றார்.

தட்டு வெளியே வந்ததும் சாக்குத்துணியால் பிடித்து, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் இழுத்தோம். பசை நூல்நூலாக இழுபட்டு, லைட் இரண்டாகப் பிரிந்தது, அடுத்ததும் அப்படியே. உள்பக்கம் முழுக்கக் காய்ந்த மஞ்சள் படலம். நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தன வாசனை வந்தது.

"அய்யய்யோ," என்றார் வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சரஸ்வதி.

ரெஜினாம்மா மெதுவாகத் திரும்பினார். "இன்னா அய்யய்யோ?"

"ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் உன் வண்டிக்கு மஞ்சத் தண்ணி ஊத்துவேன்ல. சந்தனம் கரைச்சி."

"எங்க ஊத்துவே?"

"தலைல தான். பானெட்டு மேல. அது வழிஞ்சி கீழ போவும்."

மேல் பக்கப் பசை விட்டுப்போயிருந்த இடுக்கை நான் காட்டினேன். வருடா வருடம் ஊற்றியது அதன் வழியாக இறங்கி, பல்பு சூட்டில் காய்ந்து, படலம் மேல் படலமாகப் படிந்திருக்கிறது. எத்தனை கடைக்காரர்கள் வெளியே நின்று தேய்த்திருக்கிறார்கள், பாவம்.

"உன்னாலதானாடி நான் இம்மா நாளா பேஜாருல கீறேன்?" என்று ரெஜினாம்மா கத்தினார்.

சரஸ்வதி சும்மா இருப்பாரா? "உங்க சர்ச்சு ஃபாதர் மட்டும் நியூ இயருக்கு தீர்த்தத்த வாளில கொண்டாந்து தெளிக்கிறாரே, அது உள்ள போவாதா? அதுக்கு மட்டும் கதவு போட்டு வெச்சிக்கிதா?"

இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், வரிசையில் நின்றவர்கள் கட்சி பிரிந்து பேசினார்கள். நான் இரண்டு லைட்டையும் துடைத்தேன். பசை ஆறுவதற்குள் மூட வேண்டும், அந்தோணி விறகு போட வேண்டும், பெண்கள் டின்களை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையின் ஓரத்தில்தான் நான் புதுப் பசை போட்டு அழுத்தி மூடினேன். அன்று அவ்வளவு பேர் கேக்கும் அமுங்காமல் எழும்பியது. அந்தோணி இன்றுவரை அதை அவருடைய ஜெபத்தின் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

மெலிந்த பிளாஸ்டிக்கின் மேல் கோட்டிங் போட்டு, வண்டியில் மாட்டினேன். எஃப்.சி. காட்ட வேண்டிய காலையில் கடைசியாக ஒரு முறை லைட்டைப் போட்டுப் பார்த்தேன். நல்ல வெள்ளை வெளிச்சம். இடது லைட்டின் அடியில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. தூசி என்று வெளியே துடைத்தேன், போகவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு திராட்சை. யாருடைய கேக்கிலிருந்தோ தவறி, என் லைட்டுக்குள் விழுந்து, நான் பசை போட்டு மூடிய திராட்சை.

திரும்பப் பிரிக்க அடுப்பும் இல்லை, நேரமும் இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. சின்னதுதானே, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் நம் தவற்றை அடுத்தவர் கண்டுபிடிப்பதைவிட நாம் சொல்லிவிடுவது எப்போதும் மலிவு. ரெஜினாம்மாவிடம் காட்டினேன். அவர் நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"இது என் கேக்குது இல்ல. நான் கறுப்பு திராட்ச போட மாட்டேன்," என்றார். பிறகு, "லைட்டு எரியுதா?"

"எரியுது."

"அப்ப வா, ஏறு."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் ஆல்பர்ட் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக், ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தார். லைட்டைப் போடச் சொன்னார். அப்புறம், நான் பயந்தபடியே, குனிந்தார்.

"உள்ள என்ன அது?"

"திராட்ச சார்," என்றார் ரெஜினாம்மா.

"திராட்சையா?"

"கேக்கு திராட்ச."

அவர் என்னைப் பார்த்தார். அடுப்பில் வைத்ததிலிருந்து மூடியதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தச் சொல்லி, வெளிச்சம் விழும் இடத்தை வெகுநேரம் பார்த்தார். மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தார். திராட்சை அடியில் கிடந்ததால் சுவரில் அதன் நிழல் விழவில்லை.

"ரூல்ஸ்ல திராட்சையைப் பத்தி ஒண்ணும் இல்லை," என்றார் கடைசியில். "வெளிச்சம் சரியா இருக்கு. எறும்பு வராம பார்த்துக்குங்க."

ரெஜினாம்மா அவர் பின்னாலேயே ஆபீஸுக்குள் ஓடினார். நான் ஆல்பர்ட்டைப் பார்த்தேன். இத்தனை நாள் இதற்காகத்தான் காத்திருந்தேன், முகத்தில் அடித்த மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று. ஆனால் அவர் கண் கலங்கி நின்றார்.

"வண்டி காயலாங்கடைக்கு போவலன்னு அழுவறியா நைனா?" என்று கேட்டேன். கொஞ்சம் கேலியாகத்தான் கேட்டேன்.

"இல்லண்ணே. ஞாயித்துக்கெழம அம்மா வூட்டுக்கு வந்து சேந்துட்டேன்னு போன் பண்ற வரிக்கும் எனக்கு தண்ணி கூட எறங்காது. ஒரு தபா அவங்க போன்ல சார்ஜ் இல்லாம பூட்ச்சு. நான் பைக்க எடுத்துனு ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போயி பாத்தேன். வூட்டுக்கு போனா, அவங்க வாசல்ல சரசக்கா கூட குந்திகினு பட்டாணி உரிச்சினு கீறாங்க. அப்பா திடுதிப்புனு போனதுலேருந்து எனக்கு இதே ரோதன தான்."

நான் கட்டி வைத்திருந்த கதை முழுக்க அங்கேயே சரிந்தது. வாடகை ரூமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மகனின் பயம், அவ்வளவுதான். வண்டிக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சண்டையில் நமக்குத் தெரிவது ஒரு பக்கம் மட்டும். மறு பக்கம் தெரியாமல் கட்சி சேராதீர்கள். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, என் மேல் எரிச்சல் வந்தது.

பின்னால் திரும்பினால் ரெஜினாம்மா நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"ஏண்டா, உனக்கு பயம் வண்டிய நெனச்சா, என்னிய நெனச்சா?"

"உன்ன நெனச்சுதாம்மா."

"அப்ப என்னிய காயலாங்கடைல போடேன். வண்டிய ஏண்டா போடறேன்ற?"

ஆல்பர்ட்டுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ரெஜினாம்மா அவருடைய தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டார்.

"இத்த என்கிட்ட முன்னாடியே சொல்லிருந்தா நான் உன்ன திட்டிருப்பேனா?"

"திட்டிருப்பே."

"திட்டிருப்பேன்," என்று ஒத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம காலைல வந்து சேரு. வண்டில ஏறு. நான் எப்பிடி ஓட்றேன்னு நீயே பாரு. லேட்டா வந்தா நிக்க மாட்டேன், சொல்ட்டேன்."

அந்த ஞாயிறு நான் டீக்கடையில் நின்றிருந்தேன். பட்டப்பகலில் இரண்டு ஹெட்லைட்டும் எரிய அந்த வண்டி வந்தது. எதிரே வந்த லாரிக்காரர் லைட் எரிகிறது என்று கை காட்டினார். ரெஜினாம்மா தெரியும் என்று திருப்பிக் கை காட்டினார். முன்சீட்டில் சரஸ்வதி. பின்சீட்டில் இரண்டு கனத்த தோழிகளுக்கு நடுவில் ஆல்பர்ட். வண்டி என்னைத் தாண்டும்போது எனக்கு வணக்கம் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கையாலும் முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். முகம் முழுக்க உயிர்ப் பயம். ஆனால் போன் எப்போது அடிக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதில்லை. அம்மா கண்ணெதிரே இருந்தார்.